ஏன்னாக்காவின் கறுப்பு

எலுமிச்சை. வேறு எதுவும் இதைச் செய்திருக்க முடியாது. தண்ணீர் என்றால் ஓரம் மங்கலாகப் பரவியிருக்கும். வெயில் என்றால் மடிப்பின் மேட்டில் மட்டும் வெளுத்து, பள்ளத்தில் அப்படியே இருந்திருக்கும். சோப்பு என்றால் கறுப்பு லேசாகப் பழுப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். இதுவோ நறுக்கென்று ஓரம் கட்டிக்கொண்டு, உள்ளே இளமஞ்சளாகத் தெரிகிறது. துணியில் ஏறியிருந்த இரும்பை மட்டும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, அடியில் இருந்த கடுக்காயின் மஞ்சளை விட்டுவைத்திருக்கிறது. இவ்வளவு சுத்தமான திருட்டு எலுமிச்சைச் சாற்றுக்குத்தான் வரும். அதுவும் பிழியும்போது தெறித்தது. பெரிய சொட்டு ஒன்று, அதைச் சுற்றிக் குட்டிகள்.

சின்னவள் இவ்வளவையும் யோசித்து முடிக்க, குனிந்தவள் நிமிரும் நேரம்கூட ஆகவில்லை. வெட்டு மேசை முழுக்க விரிந்து, இரண்டு பக்கமும் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது அந்தச் சுவர்த்துணி. குழந்தைகள் நூலகம் ஒன்றின் வாசிப்பறைக்காகச் செய்தது. கீழே மாதுளைத் தோலின் மஞ்சளில் வயல். நடுவே வெங்காயச் சருகின் செம்பழுப்பில் குன்றுகள். குன்றுகளுக்கு இடையில் அவுரி நீலத்தில் வளைந்து போகும் ஆறு. மேலே, வலது மூலையிலிருந்து பாதி வானம் வரைக்கும் ஒரே ஒரு மேகம். கறுப்பு மேகம்.

செடியிலிருந்து கறுப்பை வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. பெரும்பாலும் சாம்பலிலேயே நின்றுகொண்டு அடம்பிடிக்கும். கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, துருப்பிடித்த ஆணிகள் ஊறிய இரும்புத் தண்ணீரில் தோய்த்து, மறுபடி காயவைத்து, மறுபடி தோய்த்து, பொறுமை போகும் வரைக்கும் செய்து, பொறுமை போன பிறகும் இன்னொரு தடவை செய்து எடுத்த கறுப்பு இது. உன் வேலையில் உனக்கே பிடித்தது எது என்று யாராவது கேட்டால் சின்னவள் இந்த மேகத்தைத்தான் காட்டுவாள். அந்த மேகத்தின் வயிற்றில் இப்போது அம்மை போட்டாற்போல் புள்ளிகள்.

"சாயம் வெளுத்துடுச்சு" என்றாள் பெரியவள்.

பெரியவள் என்றால் ஓரகத்தி. சின்னவளின் கணவனுக்கு அண்ணன் மனைவி. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட, வீட்டின் கீழ்த்தளத்தை இந்த இரண்டு பெண்களும் தொழில்கூடம் ஆக்கியிருந்தார்கள். துணிப் பொம்மை, மெத்தை உறை, பை, சுவர்த்துணி. வெட்டுவது, விற்பது, வாங்க வருபவர்களிடம் குழைவது, குழைந்து பலிக்காவிட்டால் சண்டை போடுவது எல்லாம் பெரியவள். சாயம் சின்னவள். இருவருக்கும் நடுவில் இத்தனை வருடத்தில் வராத சண்டை இல்லை. ஆனால் 'வெளுத்துடுச்சு' என்ற சொல் மட்டும் வந்ததில்லை. அந்த வீட்டில் அது கெட்ட வார்த்தை.

"வெளுக்கல" என்றாள் சின்னவள்.

"அப்ப இது என்ன, மேகத்துக்கு நரை விழுந்திருக்கா?"

மூலையில் பொத்தான் களுக்கென்று சிரித்தாள். பொத்தான் என்பது அவள் பெயரல்ல. பொம்மைகளுக்குக் கண்ணாகப் பொத்தான் தைப்பவள்; ஆளும் உருண்டையாக இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளே போனை எடுத்தால் 'பொத்தான் பேசறேன்' என்றுதான் ஆரம்பிப்பாள்.

"வெளுக்கலக்கா. ஏன்னா..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

ஆரம்பித்தபோதே மருமகளின் கை கண்ணில் பட்டது.

மருமகள், பெரியவளின் மகனைக் கட்டிக்கொண்டு வந்த பெண், ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேகத்தை அடித்துணிமேல் வைத்துச் சுற்றிலும் தைத்தவள் அவள்தான். நேற்று முழுக்க அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது அவளுடைய வலது கை மெஷின் மேலிருந்து மெதுவாக மடிக்கு இறங்கியது. மடியில் ஒரு கைக்குட்டை சுருண்டு கிடந்தது. கை அதன்மேல் கவிந்துகொண்டது. முகம் சாயம் ஏறாத பருத்திபோல் இருந்தது.

தைக்கிற அறைக்குள் எலுமிச்சை வரக் கூடாது. வினிகர், புளி எதுவும் வரக் கூடாது. சின்னவளே போட்ட சட்டம் அது. பொத்தான்கூட அதற்குப் பயந்து சாப்பாட்டுக்குப் பிறகு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள். மருமகளோ நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிவைத்துவிட்டு வேலை தொடங்குகிறவள். அப்படிப்பட்டவள் எலுமிச்சம்பழத்தைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள் என்றால், சட்டத்தைவிடப் பெரிய ஒன்று அவளை ஆட்டிவைத்திருக்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் காபி வேண்டாம் என்றது, மெஷினை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது, இரும்புத் தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. தனித்தனியாகக் கிடந்தவை எல்லாம் ஒரே நூலில் வந்து கோத்துக்கொண்டன.

சின்னவளின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஏன்னா?" என்று எடுத்துக்கொடுத்தாள் பெரியவள்.

"பாக்கணும்" என்றாள் சின்னவள்.

அறையில் இருந்த எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பொத்தான், கோக்கப் போன நூலை வாயில் வைத்தபடியே பார்த்தாள். காரணம் இருக்கிறது. அந்த வீட்டிலும் தெருவிலும் சின்னவளுக்குப் பெயர் ஏன்னாக்கா. எதைச் சொன்னாலும் "ஏன்னாக்கா..." என்று நீட்டி ஒரு காரணத்தைக் கூடவே கட்டி அனுப்புவாள், வேலைக்கு வந்த பெண்கள் அதையே பிடித்து அவளை அக்காவாக்கிவிட்டார்கள். பருத்தியைக் கொதிக்கவைக்கச் சொன்னால் ஏன் என்று சொல்வாள். குடையை எடுத்துப் போகச் சொன்னால் ஏன் என்று சொல்வாள். அவள் கணவன், வெளியூர் பஸ் ஓட்டுபவன், 'உப்பு கம்மின்னு ஒரு வார்த்தை சொன்னா ஒரு வண்டி ஏன்னா வந்து இறங்கும், அதுக்கு உப்பில்லாமலே சாப்பிட்டுடலாம்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

கேலி அவளுக்குப் பழகிவிட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. சின்ன வயதில் எதைக் கேட்டாலும் 'சும்மா இரு' என்ற பதிலே கிடைத்த வீட்டில் வளர்ந்தவள் அவள். யார் எதற்குக் கோபப்படுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே பயந்து வளர்ந்தாள். சாயத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பயம் போயிற்று. துணி காரணமில்லாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாது. மஞ்சள் பச்சையாகிவிட்டதா, பானையில் எங்கோ இரும்பு இருக்கிறது. ஒரு பக்கம் திட்டுத்திட்டாகப் பிடித்ததா, கஞ்சி சரியாகப் போகவில்லை. தேடினால் காரணம் கிடைக்கும். கிடைத்தால் அடுத்த தடவை தப்பு நடக்காது. அப்படியொரு உலகத்தில் அவள் நிமிர்ந்து நடந்தாள். அந்த நிமிர்வைத்தான் 'ஏன்னா' என்று வாய் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள் போலும்.

இன்று முதல் தடவையாக, காரணம் கையில் இருந்தும் வாய்க்கு வரவில்லை.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் பெரியவள். "நாளைக்குக் காலைல வண்டி வருது."

"சாயங்காலத்துக்குள்ள சரியாக்கிடறேன்."

"மழைத்துளின்னு சொல்லிடலாமேக்கா" என்றாள் பொத்தான். "மேகம்தானே. பொருத்தமா இருக்கு. குழந்தைங்களுக்கும் பிடிக்கும்."

"இது மழை வர்றதுக்கு முந்தின மேகம். துளி இருந்தா மழை வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றாள் சின்னவள். "அப்ப கீழ வயல் மஞ்சளா இருக்கக் கூடாது."

"அப்பாடா" என்றாள் பொத்தான். "ஒரு காரணமாவது வந்துச்சு. உடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டேன்."

சின்னவள் துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கத்தைத் தூக்கினாள். "மறுபக்கம் நீ பிடிச்சுக்கோ வாம்மா" என்றாள் மருமகளைப் பார்த்து.

"பொத்தானைக் கூட்டிக்கிட்டுப் போ. இவளுக்குத் தைக்கற வேலை இருக்கு" என்றாள் பெரியவள்.

"தைச்சவதான் வேணும்க்கா. எங்க இழுக்கலாம், எங்க இழுக்கக் கூடாதுன்னு அவளுக்குத்தானே தெரியும்."

இதுவும் உண்மைதான். உண்மைகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்வது தனக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று சின்னவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

சாயக்கொட்டகை வீட்டின் பின்பக்கம். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. அடுப்புகள், அலுமினியத் தவலைகள், நீலத்துக்கு மட்டுமான பிளாஸ்டிக் பீப்பாய், கொடிகளில் நூல்சிட்டங்கள். சின்னவள் மருமகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய் இரும்புத் தண்ணீர்ப் பானையின் மூடிக்குமேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு இறுக்கினாள். பிறகு அந்தப் பானையைத் தூக்கி, காற்று வீசும் திசையைப் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். பானை கனமானது. யாரையும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது மருமகள் கண் கலங்கி நின்றிருந்தாள்.

"சின்னத்தை, நான்தான்..."

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"நீங்க கேக்க மாட்டீங்க. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு."

சின்னவள் துணியைத் திறந்த பக்கத்துக் கல்மேடையில் விரித்தாள். "அந்த மூலைய தூக்கிப் பிடி. வயல்ல தண்ணி படாம."

ஒரு குவளைத் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடாவைக் கரைத்து, பஞ்சில் தொட்டு, புள்ளி புள்ளியாக ஒற்றினாள். முதலில் புளிப்பை வெளியேற்ற வேண்டும். அது உள்ளே இருக்கும்வரை எவ்வளவு கறுப்பு ஏற்றினாலும் தின்றுகொண்டே இருக்கும். மருமகள் மூலையைத் தூக்கிப் பிடித்தபடி, துணியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வாசனை தாங்க முடியல சின்னத்தை. ஜன்னலத் திறந்தாலும் வருது. எலுமிச்சைய மோந்துட்டே இருந்தா கொஞ்சம் சமாளிக்க முடியுது. நேத்து நாக்குல ரெண்டு சொட்டு விட்டுக்கலாம்னு அமுக்கினேன். இப்படித் தெறிக்கும்னு நினைக்கல. தெறிச்சப்ப கறுப்பாத்தான் இருந்துச்சு. காய்ஞ்சப்புறம்தான்..."

"காய்ஞ்சப்புறம்தான் தெரியும்."

"அவருக்கு மட்டும் தெரியும். வேற யாருக்கும் சொல்லல."

"சரி."

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்க." அவள் குரல் இறங்கிப்போனது. "அவங்க ரொம்ப சந்தோஷப்படுவாங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சின்னவள் பஞ்சைப் பிழிந்தாள். போன தடவை நடந்தது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

போன தடவை, தெரிந்த அன்றைக்கே பெரியவள் இனிப்பு டப்பாக்களோடு தெருவில் இறங்கிவிட்டாள். பெரியவளின் மனசு ஓட்டைப் பை. நல்லது எதைப் போட்டாலும் கீழே இறங்கித் தெருவெல்லாம் சிந்திவிடும். துணிக்கடைக்காரர், பால் ஊற்றுபவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு ஒரு நாள் எல்லாம் முடிந்துபோனபோது, இனிப்பு வாங்கியவர்கள் எல்லோரும் திரும்ப வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு வந்தார்கள். மெஷின் மிதித்ததால்தான். மாடிப்படி ஏறியதால்தான். சாயக்கொட்டகை ஆவிதான், இல்லாவிட்டால் எப்படி. வயசுதான். கவலைப்பட்டதால்தான். கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டு இருந்ததால்தான். ஏன்னா, ஏன்னா, ஏன்னா என்று கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. தேடினால் கிடைக்கும் என்று தான் நம்பிய ஒரு சொல், இப்படித் தேடாமலே எடுத்து அடுத்தவள்மேல் வீசக்கூடிய பொருளும்தான் என்று சின்னவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. சில சமயம் இப்படி ஆகும் என்று மட்டும் சொன்னார். அந்த ஒன்றைத்தான் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"வந்தவங்களுக்கெல்லாம் அத்தைதான் பதில் சொன்னாங்க" என்றாள் மருமகள். "சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் உக்காந்து அவங்களைத் தேத்திட்டு இருந்தேன். இந்தத் தடவ எனக்கு அதுக்குத் தெம்பில்ல."

"ம்."

"எப்பவும் சொல்ல மாட்டேன்னு இல்ல. கொஞ்ச நாள் போகட்டும். நீங்கதானே சொல்வீங்க, ஈரத்துல நிறத்தைச் சொல்லக் கூடாது, காயட்டும்னு."

சின்னவள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சொன்னதுதான். தவலையிலிருந்து துணியைத் தூக்கும்போது எல்லோரும் ஓடி வந்து, ஆகா என்ன சிவப்பு என்பார்கள். ஈரத்தில் எல்லா நிறமும் அழகுதான். காய்ந்தால் பாதிதான் நிற்கும். அதனால் காய்கிற வரைக்கும் அவள் எதையும் யாருக்கும் காட்டமாட்டாள். துணியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ சொல்லிவிடுகிறோம். யாரோ ஒருத்தி அதை எடுத்து எங்கெங்கோ விரித்துக்கொள்கிறாள்.

"காயட்டும்" என்றாள் சின்னவள். "மேல போய்ப் படுத்துக்கோ. தையல் பிரியாம பாத்துக்கறேன்."

"அத்தை கேட்டா?"

"என்கிட்டதான் கேப்பாங்க. போ."

அவள் போன பிறகு சின்னவள் சின்னப் பிரஷ்ஷை எடுத்தாள். புள்ளிகளுக்குக் கடுக்காய்த் தண்ணீர் வைத்து, காயவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பானையிலிருந்து ஒரு கரண்டி இரும்புத் தண்ணீர் எடுத்து வந்தாள். பிரஷ் பட்ட இடம் ஒரு கணம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. பிறகு சாம்பல் எழுந்தது. சாம்பல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. இத்தனை வருடம் பார்த்தும் அவளுக்கு அது சலிக்கவில்லை. பழுப்புத் தண்ணீரும் மஞ்சள் துணியும் சேர்ந்து, இரண்டிலும் இல்லாத ஒன்றை வரவழைப்பது. ஓரங்களை விரல் நுனியால் தடவிக் கலந்துவிட்டாள். காயவைத்தாள், மறுபடி ஒரு கை வைத்தாள். வெயில் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் மேகம் முழுசாகிவிட்டது. எங்கே புள்ளி இருந்தது என்று அவளையே கேட்டாலும் தேடித்தான் சொல்ல வேண்டும்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது நடை தானாகவே விறைப்பாக இருந்தது.

வெட்டு மேசையில் பெரியவள் கடை விரித்திருந்தாள். வரிசையாகக் கிண்ணங்கள். மேகம் வெட்டியபோது மிஞ்சிய கறுப்புத் துண்டுகள் ஒவ்வொரு கிண்ணத்தின் முன்னாலும் ஒன்று. பக்கத்தில் புத்தம்புதிதாக, மடிப்புக் கலையாமல், கடையில் வாங்கிய கறுப்புத் துணி. அதன்மேல் தையல் பிரிக்கிற சின்னக் கத்தி. படுக்கப் போன மருமகள் எப்போதோ இறங்கி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சரியாயிடுச்சுக்கா" என்று துணியை விரித்தாள் சின்னவள்.

பெரியவள் குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்து, கைக்குட்டையைப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு நேத்தும். நாளைக்கு அங்க தொங்கவிட்டப்புறம் திரும்ப வந்தா?"

"வராது."

"ஏன் வராது?"

சின்னவள் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"அதான் நானே பாத்துக்கிட்டேன்" என்றாள் பெரியவள். "நீதானே சொல்வே, சந்தேகம்னா வாயால பேசாதே, துண்டுத் துணில போட்டுப் பாருன்னு. இது சுடுதண்ணி. ஒண்ணும் ஆகல. இது சோப்பு நுரை. லேசா செம்பட்டை தட்டுது, ஆனா மஞ்சள் இல்ல. இது பால் விடாத டீ. ஒண்ணும் ஆகல. இது வேர்வை, பொத்தானோடது."

"அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கி எடுத்தது" என்றாள் பொத்தான். "துப்பிப் பாக்கட்டுமான்னும் கேட்டேன். அக்கா விடல."

"வாயை மூடு." பெரியவள் சிரிக்கவில்லை. "எதுலயும் அந்த மஞ்சள் வரல. அப்ப இன்னும் ஏதோ ஒண்ணு பாக்கி இருக்கு. என்ன பாக்கி?"

மெஷின் சத்தம் நின்றது.

பெரியவளின் கண் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. யோசிக்கும்போது உதட்டைக் கடிப்பது அவள் வழக்கம். சமையலறை அலமாரியை அவள் மனசு தட்டுத்தட்டாகப் பார்த்துக்கொண்டு போவது சின்னவளுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. இன்னும் இரண்டு தட்டு தள்ளினால் பழக்கூடை. ஒரு பக்கம் பயமாக இருந்தது. இன்னொரு பக்கம், இந்த நேரத்திலும், அடி கெட்டிக்காரி என்று மெச்சிக்கொள்ளத் தோன்றியது. தான் கற்றுக்கொடுத்த வழியிலேயே நடந்து தன் வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

"அக்கா" என்றாள். "போதும். தேடாதீங்க."

பெரியவள் திரும்பினாள். "அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"காலைலயே தெரியும். ஏன்னான்னு ஆரம்பிச்சே. முழுங்கிட்டே."

"ஆமா."

"உன் சாயத்துல கோளாறா?"

"இல்ல. சாயம் சரியா இருக்கு. எந்தச் சுவத்துலயும் ஆயுசுக்கும் தொங்கலாம்."

"அப்ப வேற யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க. யாரு, என்ன பண்ணினாங்க, சொல்லு. நான் யாரையும் கடிச்சுத் தின்ன மாட்டேன். அந்த நூலகத்து அம்மா நாளைக்கு என்னைக் கேப்பாங்க, இது என்ன பட்டா கெடும்னு. நான் என்ன சொல்றது? காரணம் தெரியாத கறுப்பை எடுத்துட்டுப் போய் ஒரு குழந்தைங்க இடத்துல என்னால மாட்ட முடியாது." அவள் கடைத் துணிமேலிருந்த கத்தியை எடுத்தாள். "சொல்லலைன்னா மேகத்தைப் பிரிச்சுடறேன். இதை வெச்சு வேற தைச்சுக்கலாம். இதுக்குக் காரணமே வேணாம், கடைல வாங்கினதுன்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

மிரட்டலுக்காகச் சொல்லவில்லை என்று சின்னவளுக்குத் தெரியும். பெரியவள் கேட்பதில் தப்பும் இல்லை. அவள் இடத்தில் நாம் இருந்தால் இதைத்தான் கேட்டிருப்போம். இதைவிட நச்சரித்தும் கேட்டிருப்போம்.

எலுமிச்சை என்று ஒரு வார்த்தை போதும். மேகம் பிழைக்கும், தன் பெயர் பிழைக்கும். யார் என்று சொல்லவே வேண்டாம். மகனைப் பெற்று வளர்த்தவள், தைக்கிற அறையில் எலுமிச்சை எதற்கு என்று ஒரு சுற்றுக் கண்ணை ஓட்டினால் போதும், ஜன்னலோரம் வந்து நின்றுவிடும். நான்தான் கொண்டுவந்தேன் என்று பொய் சொன்னாலும் அந்தப் பழத்தை நடுவில் எடுத்து வைத்ததாகத்தான் ஆகும். சாயம்தான் கோளாறு என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்ல நாக்கு வராது. அந்தக் கறுப்பின்மேல் பொய் சொன்னால் நாளைக்கு இந்தக் கைகள் எந்தப் பானையில் இறங்கும்.

இதில் தனக்கு ஏதும் குழப்பம் இருக்கிறதா என்று தனக்குள்ளே ஒரு முறை இறங்கிப் பார்த்தாள். இல்லை. நன்றாகப் பிடித்த சாயத்தை அலசும்போது தண்ணீர் தெளிவாக இறங்குவதுபோல் இருந்தது உள்ளே. மேகம் போனால் வருத்தம்தான். வேறு மேகம் போடத் தெரியும் அவளுக்கு.

மேசை மேலிருந்த துணியைச் சுற்றித் திருப்பினாள். மேகத்தின் விளிம்பில், முடிச்சுப் போட்டு அடக்கியிருந்த நூல் முனை பெரியவளின் கைக்கு நேராக வந்து நின்றது.

"தையல் இங்க முடியுதுக்கா. இங்கருந்து பிரிச்சா அடித்துணி கிழியாது" என்றாள். "பிரிக்கணும்னா பிரிங்க. நான் சொல்ல மாட்டேன்."

பெரியவள் கத்தியோடு நின்றாள். முகத்தில் கோபத்தைவிட, வீட்டுக்குள்ளேயே வழி தவறியவளின் திகைப்பு அதிகமாக இருந்தது.

"இந்த வீட்டுக்கு நீ வந்த நாள்லருந்து என்கிட்ட ஏன்னு சொல்லாம ஒரு துரும்பை நகத்தினது உண்டாடி?"

"இல்லக்கா."

"அப்ப இது மட்டும் ஏன்?"

கேட்டுவிட்டுப் பெரியவள் காத்திருந்தாள். பொத்தான் ஊசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். ஜன்னலோரம் மருமகள் மூச்சு விடாமல் இருந்தாள். இத்தனை வருடப் பழக்கம். 'மாட்டேன்' என்று வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 'ஏன்னா' வந்தே தீரும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

சின்னவள் கிண்ணங்களின் முன்னாலிருந்த கறுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்தைப் பிழிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். கொடியில் போடுவதற்காக எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.